லாவெண்டர் ஏன் செத்தது?

அன்புள்ள அக்கா,

சென்ற கோடையில் கிரீட் தீவுக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு வீட்டு வாசலில் ஆலிவ் மரம், லாவெண்டர், வெள்ளைச் சுவரெங்கும் காகிதப்பூ. லண்டன் ஹாரோவில் எங்கள் முன்தோட்டத்தையும் அப்படி ஆக்க ஆசை. தென்மேற்கு பார்த்த வாசல், நல்ல வெயில். மண்தான் ஒட்டுகிற களி. போன வருடம் வைத்த ஆறு லாவெண்டரும் மார்ச்சுக்குள் செத்துவிட்டன. இந்தக் குளிருக்கு அதெல்லாம் வராது என்கிறார் கணவர். என்ன செடி வைக்கலாம்?

எஸ்., ஹாரோ

அன்புள்ள எஸ்.,

உங்கள் லாவெண்டர் அநேகமாக ஈரத்தில் செத்திருக்கும். ஆங்கில லாவெண்டரின் பூர்வீகம் தென் பிரான்ஸ் பக்கத்து மலைச்சரிவுகள். மைனஸ் 10 டிகிரியைத் தாங்கும். அங்கும் குளிர்காலத்தில் மழை உண்டு. ஆனால் கல்லும் சுண்ணாம்புமான மண்ணில் தண்ணீர் தங்காது. லண்டன் களியில் நவம்பர் முதல் மார்ச் வரை வேர் ஊறிக்கொண்டே இருக்கும். என் முதல் தோட்டத்தில் ஒரு ரோஸ்மேரியைப் பிடித்து இழுத்தபோது சிரமமே இல்லாமல் கையோடு வந்தது. வேரைத் தொட்டால் மேல்தோல் வழுக்கி உருவிக்கொண்டது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும். சாக்கடை வாடை. அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் மறக்கவில்லை.

அதனால் செடிக்கு முன்னால் மண்ணைக் கவனியுங்கள். ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி மறுநாள் பாருங்கள். தண்ணீர் நின்றால் தரையில் நடாதீர்கள். பருமணலும் சரளையும் நிறையக் கலந்து ஓரடி மேடு கட்டி அதில் நடுங்கள். மேலே 5 செ.மீ. சரளை பரப்புங்கள். எரு வேண்டாம், கொழுத்த மண்ணில் தளதளவென்று வளரும் தண்டுதான் உறைபனியில் முதலில் கருகும்.

இங்கிலாந்தின் கொல்செஸ்டர் அருகே பெத் சாட்டோ என்ற தோட்டக்கலைஞர் 1990களின் தொடக்கத்தில் ஒரு பழைய கார் நிறுத்துமிடத்தைச் சரளைத் தோட்டமாக்கினார். தண்ணீர் ஊற்றுவதே இல்லை. அவருடையது வறண்ட சரளை மண், உங்களுடையது களி. ஆனாலும் ஜூனில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

செடிகளை இலை பார்த்து எடுங்கள். சாம்பல் நிறம், ரோமம், எண்ணெய் வாசனை: இவை வெயிலுக்குப் பழகியவற்றின் அடையாளம். ஃப்ளோமிஸ் இலையைத் தடவினால் கம்பளி போல இருக்கும். அந்த ரோமம்தான் ஈரம் ஆவியாகாமல் காக்கிறது. அதோடு ஹிட்கோட் லாவெண்டர், சான்டோலினா, சிஸ்டஸ். யூஃபோர்பியாவும் அழகுதான், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சின்னக் குழந்தைகள் இருந்தால் வேண்டாம்.

ஆலிவ், லண்டனில் சுவரோரமாகத் தரையில் நட்டால் பிழைக்கும். தொட்டியில் வைத்தால் கடும் உறைபனி நாட்களில் தொட்டியைச் சுற்றிச் சாக்கு கட்டுங்கள், வேர்தான் முதலில் உறையும். காகிதப்பூவை மட்டும் மறந்துவிடுங்கள், உறைபனியில் நிற்காது. அந்தச் சுவருக்கு ஸ்டார் ஜாஸ்மின் ஏற்றுங்கள். அது சீனா, ஜப்பான் பக்கத்துக் கொடி என்றாலும் மத்தியதரைக்கடல் ஊர்களில் நிறைய வளர்க்கிறார்கள். ஜூலை மாலையில் கதவைத் திறந்தால் நம் மல்லிகை வாசனை வரும்.

இலையுதிர்காலத்தில் மலிவாகக் கிடைத்தாலும் செடி வாங்காதீர்கள். வேர் பிடிக்குமுன் மழை வந்துவிடும். இப்போது மேட்டைக் கட்டுங்கள். ஏப்ரல் கடைசியில் நடலாம்.