கேளுங்க, சொல்றோம்: சீனாவை எந்த ஊர்ல இருந்து ஆரம்பிக்கறது?

கேள்வி: பையன் பத்தாவது முடிச்சிட்டான், வரலாறுன்னா அவனுக்கு உயிர். 12 நாள் லீவுல சீனா போலாம்னு இருக்கோம். ட்ராவல்ஸ்காரர் பெய்ஜிங், ஷாங்காய், ஹாங்காங்னு ஒரு பேக்கேஜ் நீட்டறார். இதுல வரலாறு ஏதாச்சும் தேறுமா?
- ஒரு அம்மா, கரூர்

பதில்: ஷாப்பிங் தேறும். ஷாங்காய் ராத்திரி லைட் வெளிச்சத்துல அழகுதான், இல்லன்னு சொல்லல, ஆனா பிரிட்டன்கிட்ட அபின் போர்ல சீனா தோத்து 1842ல ஒப்பந்தம் போட்டப்புறம்தான் அது வெளிநாட்டுக்காரங்களுக்கு திறந்துவிட்ட துறைமுகமா பெருசாச்சு. அதுக்கு முந்தி 2000 வருஷ கதை இருக்கே, அதை எங்க போய் பாக்கறது? என் கணக்கு ரொம்ப சிம்பிள்ங்க. சீனாவோட தலைநகரம் ஊர் ஊரா மாறிட்டே இருந்திருக்கு, அது போன வழியிலேயே நீங்களும் போங்க. 12 நாளைக்கு மூணு ஊர் போதும். சியான், நான்ஜிங், கடைசியா பெய்ஜிங்.

முதல்ல சியான், 4 நாள். கிமு 221ல சீனாவுல தனித்தனியா இருந்த எல்லா நாட்டையும் அடிச்சு ஒண்ணாக்கின முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கோட சுடுமண் படை, அதாவது அவர் சமாதிக்கு காவலா மண்ணுல சுட்டு செஞ்ச போர்வீரர் சிலைங்க, இங்கதான் இருக்கு. 1974ல கிணறு வெட்டப்போன விவசாயிங்க கையில ஆப்ட்டது. முதல் குழிக்குள்ள நுழைஞ்சதும் முன்வரிசையை போட்டோ எடுத்துட்டு எல்லாரும் கிளம்பிடுவாங்க, நீங்க பின்பக்கம் வரைக்கும் நடந்து போங்க. அங்க தலையில்லாம, கை இல்லாம, மண்ணுக்குள்ள பாதி புதைஞ்சு துண்டு துண்டா கிடக்கும். முன்னாடி கம்பீரமா நிக்கறதெல்லாம் இப்படி கிடந்ததை ஒட்டவெச்சு நிறுத்தினதுதான்னு அப்போதான் உறைக்கும். ராஜா சமாதியை மட்டும் இன்னிக்கு வரைக்கும் தோண்டவே இல்ல.

அதே ஊர்ல பெரிய காட்டு வாத்து கோபுரம்னு ஒண்ணு இருக்கு, 652ல கட்டினது. நம்ம ஸ்கூல் புக்ல வருவாரே யுவான் சுவாங், நரசிம்மவர்ம பல்லவன் காலத்துல காஞ்சிபுரம் வரைக்கும் வந்தவரு, அவர் இந்தியால இருந்து கொண்டுபோன சுவடிங்களை பத்திரமா வெக்கத்தான் அதை கட்டினாங்க. உங்க பையன்கிட்ட இதை முன்கூட்டியே சொல்லாதீங்க, கோபுரத்துக்கு கீழ நிக்கவெச்சு சொல்லுங்க. சாயங்காலம் கோட்டைமதில் மேல வாடகை சைக்கிள் எடுத்தா முழுசா ஒரு சுத்து கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் வரும்.

அடுத்து நான்ஜிங், 3 நாள். புல்லட் ரயில்ல 5, 6 மணி நேரம். பேக்கேஜ்காரங்க யாரும் இந்த ஊரை கண்டுக்கவே மாட்டாங்க, எனக்கு பிடிச்ச ஊரே இதுதான். 1368ல மிங் வம்சம் ஆரம்பிச்சது இங்க, நான் மேல சொன்ன 1842 ஒப்பந்தம் கையெழுத்தானது இங்க, 1912ல சுன் யாட் சென் சீனக் குடியரசோட முதல் தற்காலிகத் தலைவரா பதவி ஏத்தது இங்க, 1937 டிசம்பர்ல ஜப்பான் ராணுவம் படுகொலை நடத்தினதும் இங்கதான். அந்த நினைவிடத்துக்கு போற அன்னிக்கு வேற எந்த ப்ரோக்ராமும் வெச்சிக்காதீங்க, வெளிய வந்தா பேச்சே வராது.

இந்த ஊர் மதில்ல செங்கல்லை கிட்டக்க போய் பாருங்க. பக்கவாட்டுல எழுத்து இருக்கும், எந்த மாவட்டம், எந்த அதிகாரி, சூளை போட்டவன் யாரு, கல் அறுத்தவன் யாருன்னு பேரோட முத்திரை. கல்லு சொத்தையா இருந்தா நேரா ஆளை பிடிச்சிடலாம்ல. நம்ம ஊர் ரோடு கான்ட்ராக்ட்டுக்கும் இந்த மாதிரி ஒண்ணு வந்தா எவ்ளோ நல்லா இருக்கும்!

அந்த மிங் வம்சத்துல சித்தப்பாவே அண்ணன் மகன் மேல படை எடுத்து, 1402ல சிம்மாசனத்தை பிடுங்கிட்டார். யோங்லேன்னு பேரு. அவர்தான் தலைநகரத்தை வடக்க தூக்கிட்டுப் போய் 1420ல அந்த பெரிய அரண்மனையை கட்டி முடிச்சது, அதான் பெய்ஜிங்ல எல்லாரும் போற தடைசெய்யப்பட்ட நகரம். இந்த கதையோட போனா அரண்மனை வேற மாதிரி தெரியும், நேரா பெய்ஜிங்ல போய் இறங்கினா வெறும் பெரிய பெரிய முற்றம், கால் வலி, அவ்ளோதான். மிச்ச நாளை அங்க போட்டுக்கோங்க. டிக்கெட் பாஸ்போர்ட் நம்பரோட முன்னாடியே புக் பண்ணணும், மறந்துடாதீங்க.

கேள்வி: ஆபீஸ் வேலையா பெய்ஜிங் போறேன். எனக்குன்னு கிடைக்கறது ஒரே ஒரு திங்கட்கிழமை. அரண்மனை பாத்துடலாமா சார்?
- ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்

பதில்: திங்கட்கிழமை லீவு தம்பி. நானும் ஒருதடவை தெரியாம போய் பூட்டின கேட்டை பாத்துட்டு வந்தவன்தான். ஆனா பின்பக்கம் ஜிங்ஷான்னு ஒரு குன்று இருக்கு, அகழி வெட்டின மண்ணை கொட்டி உண்டாக்கினது. மேல ஏறினா மஞ்சள் ஓட்டுக்கூரை மொத்தமும் கண்ணு முன்னாடி விரியும். 1644ல கலகக்காரங்க ஊருக்குள்ள புகுந்தப்ப கடைசி மிங் ராஜா தூக்கு மாட்டிக்கிட்டதும் இந்த குன்றுலதான், இடத்தை அடையாளம் வெச்சிருக்காங்க, இப்ப நிக்கற மரம் மட்டும் பின்னாடி நட்டது.

கேள்வி: பெருஞ்சுவர் நிலாவுல இருந்து தெரியுமாமே?
- வாசகர், தேனி

பதில்: தெரியாதுங்க. 2003ல விண்வெளிக்கு போன முதல் சீன வீரரே பூமியை சுத்திட்டு வந்து, என் கண்ணுக்கு தெரியலன்னுட்டார்.

கேள்வி: சுத்த சைவம், அப்பாவுக்கு 70 வயசு. சீனா சரிப்பட்டு வருமா?
- மகள், மயிலாப்பூர்

பதில்: வரும். பெரிய பௌத்த கோயில்களை ஒட்டி சைவ சாப்பாட்டுக் கடை பெரும்பாலும் இருக்கும். மத்த இடத்துல "கறி, மீன், முட்டை, பன்றிக்கொழுப்பு எதுவும் வேணாம்"னு சீனத்துல எழுதின அட்டையை காட்டுங்க, வெறும் "சைவம்"னு சொன்னா கறியை மட்டும் பொறுக்கி எடுத்துட்டு அதே தட்டை நீட்டிடுவாங்க. கூகுள் மேப், வாட்ஸப் அங்க வேலைக்கு ஆகாது, போறதுக்கு முன்னாடியே வேற ஏற்பாடு பண்ணிக்கோங்க. பெருஞ்சுவருக்கு முட்டியான்யூ பக்கம் போனா கேபிள் கார் இருக்கு. நான்ஜிங்ல சுன் யாட் சென் சமாதி மட்டும் 392 படி, அப்பாவை கீழ நிழல்ல உக்கார வெச்சிடுங்க.

கேள்வி: நம்மாளுங்க சீனா போன தடயம் ஏதாவது இன்னும் இருக்கா?
- கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: தஞ்சாவூர்ல இருந்துகிட்டு இதை கேக்காம விட்டாதான் தப்பு! ராஜராஜன் அனுப்பின தூதுக்குழு 1015ல சோங் ராஜா சபைக்கு போய் சேர்ந்திருக்கு. தடயம் பாக்கணும்னா தென்கிழக்கு கடற்கரையில குவான்சோ போகணும். அங்க கையுவான் பௌத்த கோயில்ல பெரிய மண்டபத்துக்கு பின்னாடி ரெண்டு தூண் நிக்குது, அதுல நரசிம்மர் இரணியனை கிழிக்கறார், கிருஷ்ணர் மருதமரத்துக்கு நடுவுல இருக்கார். இடிஞ்சுபோன இந்துக் கோயில் தூணை எடுத்து வெச்சு கட்டியிருக்காங்க. யானை லிங்கத்தை பூஜை பண்ற சிற்பம்கூட அந்த ஊர்ல கிடைச்சிருக்கு, நம்ம திருவானைக்காவல் கதைதான். 1281 சித்திரையில சம்பந்தப் பெருமாள்ங்கிறவர், அப்போ சீனாவை ஆண்ட மங்கோலிய கானோட நலத்துக்காக சிவன் கோயில் எடுப்பிச்சதா சொல்ற தமிழ்க் கல்வெட்டும் அங்க கிடைச்சதுதான், கடைசி வரி மட்டும் சீனம்.

அவ்ளோ தூரம் போக இப்ப காசு இல்லன்னா கொழும்பு போங்க. அங்க தேசிய அருங்காட்சியகத்துல ஒரு கல்லு இருக்கு, யோங்லே ராஜாவோட கப்பல்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து இலங்கையோட காலிங்கிற துறைமுக ஊர்ல நட்டது. சீனம், தமிழ், பாரசீகம்னு மூணு மொழி, எழுதினது 1409ல நான்ஜிங்ல. சீன பாகம் புத்தருக்கு காணிக்கை குடுத்ததா சொல்லும், தமிழ் பாகம் தேனாவரை நாயனாருக்கு, அதாவது விஷ்ணுவுக்குன்னு சொல்லும். எழுத்து தேஞ்சுபோய் இருக்கும், கொஞ்சம் குனிஞ்சு நிதானமா பாருங்க.