பூக்கடைக் கேள்வி-பதில்: வாழைக்குலைக்குப் பக்கத்தில் கார்னேஷன்

தம்பலகாமத்தில் அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது. கார்னேஷன் நடலாமா?

வேண்டாம் தம்பி. அதற்குப் பகலில் 20 பாகை சொச்சம், இரவில் 10, 15 வேண்டும். நமக்கு நடுச்சாமத்திலேயே 25. கச்சான் காற்று வீசினால் கேட்கவே வேண்டாம். கொலம்பியாவும் பூமத்திய ரேகைப் பக்கம்தானே, அங்கே கார்னேஷன் விளைகிறதே என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே தோட்டங்கள் இருப்பது பொகோட்டாவைச் சுற்றி, 2600 மீற்றர் உயரத்தில். நுவரெலியாவே 1900க்குக் கிட்டத்தான். செவ்வந்தி போடுங்கள், கோயில்கள் வாங்கும். கார்னேஷனை மலைநாட்டிலிருந்து எடுத்து விற்கலாம்.

பூ வாடுது. என்ன மருந்து? (பெயரும் இல்லை, ஊரும் இல்லை)

என்ன பூ? வாங்கி எத்தனை நாள்? தண்ணீரிலா, வெறும் பெட்டியிலா? வைத்தியரிடம் போய் ‘சுகமில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டா மருந்து கேட்பீர்கள்? முதலில் வாளியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிறகு ஒழுங்காக எழுதுங்கள்.

முதல்நாள் இரவே மணவறைச் சோடனையை முடித்தோம். விடியப் பார்த்தால் கார்னேஷன் எல்லாம் உள்ளே சுருண்டு கிடந்தது. பழைய பூவைத் தந்து ஏமாற்றிவிட்டார்களா? (உப்புவெளி)

பூவைக் குற்றம் சொல்லுமுன், மண்டபத்துக்குள் என்ன வைத்திருந்தீர்கள்? நீங்கள் அனுப்பிய படத்திலேயே தெரிகிறது: இரண்டு பக்கமும் குலையோடு வாழை, பாதி பழுத்தது. நிறைகுடத்துக்குப் பக்கத்தில் மூன்று பழத்தட்டு. கதவு, யன்னல் எல்லாம் பூட்டு. பழுக்கிற பழம் எதிலீன் வாயுவை விடும். காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே கார்னேஷனுக்குப் போதும், இதழ் உள்ளே மடிந்து தூங்கிவிடும். வாடின பூ தண்ணீரில் வைத்தால் நிமிரும். தூங்கின பூவை எழுப்ப எந்த மருந்தும் கிடையாது.

இந்த விஷயத்தில் எனக்குத் தீராத கோபம். ஒருமுறை மலைநாட்டு வெலிமடையிலிருந்து 40 கட்டு, கட்டுக்கு 20 தண்டு, மரக்கறி லொறியில் வந்தது. லொறி தம்புள்ளையில் நின்று மாம்பழமும் ஏற்றியிருக்கிறது. விடிய நாலரைக்குத் தார்ப்பாயை நீக்கினதும் மாம்பழ வாசம்தான் முதலில் வந்தது. பெட்டியைத் திறந்தேன், அரைவாசி தூங்கிவிட்டது. மிச்சம் மத்தியானத்துக்குள் போனது. “ஒரு பூக்கூட நசுங்காமக் கொண்டுவந்தனான் அண்ணே” என்றார் சாரதி. உண்மைதான், ஒன்றும் நசுங்கவில்லை! அன்றிலிருந்து பழம் ஏற்றுகிற லொறிக்கு நான் கூலி கொடுப்பதில்லை.

இனிமேல் பச்சைக்குலையாகப் பார்த்துக் கட்டுங்கள். பழத்தட்டு விடியற்காலை வரட்டும். ஜெனரேட்டர் புகையும் சாம்பிராணிப் புகையும் இதே வேலையைத்தான் செய்யும். வெட்டின உடனே, எதிலீனைத் தடுக்கும் வெள்ளித் தயோசல்பேற்றுக் கரைசலில் வைத்த பூவா என்று தோட்டக்காரரிடம் கேட்டு வாங்குங்கள், அது தாக்குப்பிடிக்கும்.

வெள்ளைக் கார்னேஷனை நீலமாக்கலாமா? விஞ்ஞானக் கண்காட்சிக்கு. (மாணவி, திருகோணமலை)

ஆம் மகள். தண்டைப் புதிதாக வெட்டி, சாப்பாட்டுச் சாயம் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் நிறுத்து. முழு நீலம் வராது, ஓரங்களிலும் நரம்புகளிலும்தான் ஏறும்.

வெலிமடையில் மச்சானோடு கூட்டாகத் தோட்டம் செய்கிறேன். மொட்டு ஒரு பக்கம் வெடித்து இதழ் தொங்குகிறது. (மூதூர்)

பகல் வெயிலும் இரவுக் குளிரும் அளவுக்கு மிஞ்சி வித்தியாசப்பட்டால் வெடிக்கும். கொட்டிலை மாலையில் நேரத்தோடு மூடச் சொல்லுங்கள். நைதரசன் உரத்தை அள்ளிக் கொட்ட வேண்டாம். மொட்டு நிறம் காட்டும்போது மெல்லிய இறப்பர் வளையம் போடலாம். வெடித்ததை இரண்டாம் தரம் என்று சொல்லியே விற்கவும், நல்ல கட்டுக்குள் ஒளித்து வைத்தால் அடுத்தமுறை வாங்க வரமாட்டார்கள்.

ஹோட்டல் மேசைக்கு எந்தப் பருவத்துப் பூ எடுக்க வேண்டும்? (நிலாவெளி)

தனிப்பூ என்றால் இதழ் தூரிகைபோல் நிமிர்ந்தது. கொத்துப்பூ என்றால் இரண்டு மூன்று விரிந்தது. தண்டைக் கணுவில் வெட்டாமல் இரண்டு கணுவுக்கு நடுவில் வெட்டவும். கடற்கரைக் கிணற்று உவர்த்தண்ணீர் ஆகாது. வாளியைக் கழுவவும். பழ மேசையில் வைக்கவே வேண்டாம்.

அன்னையர் தினத்துக்குக் கார்னேஷனைக் கூடுதலாக எடுக்கலாமா?

எடுக்கலாம், விலையை மூன்று மடங்காக்காவிட்டால். 1908இல் அமெரிக்காவில் 500 வெள்ளைக் கார்னேஷன் அனுப்பி இந்த நாளைத் தொடக்கிவைத்த அன்னா ஜார்விஸ் அம்மையார், பின்னாளில் சண்டைக்குப் போனது எங்களைப் போன்ற பூக்காரரோடுதான்.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பூவை ஓர் இரவு வைக்கலாமா?

உள்ளே அப்பிள் இருக்கிறதா என்று எழுதவில்லையே. இருந்தால் பூ வாளியோடு வெளியே நிழலில் நிற்கட்டும்.