ஏவாளின் கனவும் உங்கள் மௌனமும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். பல தலைமுறைகளாகச் சபையோடு ஒன்றி வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. என் பாட்டி, கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் என்ற கிறிஸ்தவக் காப்பியத்திலிருந்து பாடல்களை மனப்பாடமாகச் சொல்லுவார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த என்னைப் பார்த்து, பிசாசுக்குக் கதவைத் திறந்துவிட்டவள் என்று என் கணவர் சொல்கிறார்.

காரணம், ஆதாம் ஏவாளின் வீழ்ச்சியைப் பாடும் ஆங்கிலக் கவிஞர் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியம் இந்தப் பருவத்தில் எனக்குப் பாடமாக வந்ததுதான். முதல் இரண்டு காண்டங்களில் சாத்தான் பேசும் பேச்சுகளை வகுப்பில் விளக்குவதற்காக வீட்டில் வாய்விட்டுப் படிப்பது என் வழக்கம். பிசாசை இவ்வளவு அழகாகப் பேசவைத்தவன் யார் பக்கம் நிற்கிறான் என்று என் கணவர் கேட்டார். பிறகு, மில்டன் தம்மையறியாமலே பிசாசின் கட்சியைச் சேர்ந்தவர் என்று கவிஞர் பிளேக் எழுதியதைக் கைபேசியில் தேடி எடுத்து எனக்கே காட்டினார். பார்வையை முற்றிலும் இழந்த ஒரு மனிதர், பிறரை எழுதச் சொல்லி இயற்றி, 1667இல் வெளியிட்ட காவியம் அது. அதன் தொடக்கமே ஆவியானவரை நோக்கிய விண்ணப்பம் என்று எத்தனையோ முறை விளக்கிவிட்டேன். அவர் காதில் ஏறவில்லை.

குடும்ப ஜெபத்தில், பிள்ளைகளும் மாமியாரும் முழங்காலில் நிற்கும்போது, "இந்த வீட்டுக்குள் வந்திருக்கிற அந்தகாரப் புத்தகங்களை அகற்றிப்போடும் ஆண்டவரே" என்று உரக்க ஜெபித்தார். மறுநாள் என் புத்தகம் மேசையில் இல்லை. செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, பரணில் வைத்திருந்தார். அதை நான் எடுத்து வந்ததற்கும் சண்டை. என் படிப்பை, என் வேலையை, என் விசுவாசத்தை ஒரே மூச்சில் அவமதித்துவிட்டார்.

முக்கியமில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் திருவிருந்துக்கு நான் முன்னால் போவதில்லை. அப்பத்துக்காகக் கையை நீட்டும் நொடியில், எழுதவே கூசும் ஒரு வசைச்சொல் இயேசுவைக் குறித்து மனதுக்குள் வந்து விழுகிறது. அதனால் கடைசி வரிசையில் இருந்துவிட்டு, பாட்டு முடிவதற்குள் வெளியே வந்துவிடுவேன். இரவு ஜெபத்திலும் அது குறுக்கிட்டால் முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் மன்னிக்கப்படாது என்ற வசனம் நினைவுக்கு வரும்போது வயிற்றைப் பிசைகிறது. ஆனால் மில்டன் பாடமாக வருவதற்கு முன்பே இது தொடங்கிவிட்டது. ஆகவே புத்தகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவரோ என் இரவு ஜெபத்தைப் பார்த்துவிட்டு, "உன்னை என்னவோ பிடித்திருக்கிறது" என்கிறார்.

விசுவாசமுள்ள ஒருத்தி சாத்தானைப் பற்றிய இலக்கியத்தைப் படிக்கலாம் என்று நீங்கள் எழுதினால், அதை அவரிடம் காட்டுவேன். பிள்ளைகள் முன்னால் அவர் அப்படி ஜெபித்ததை என்னால் மறக்கவே முடியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

படிக்கலாம். அதில் எனக்குச் சந்தேகமில்லை, உங்களுக்கும் இல்லை. ஆனால் உங்கள் கணவரிடம் காட்டுவதற்கான தீர்ப்பாக அதை எழுதித் தர நான் விரும்பவில்லை. புத்தகச் சண்டையில் நீங்கள் வென்றாலும், அடுத்த திருவிருந்து ஞாயிறன்று கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். முக்கியமில்லை என்று சொல்லி நீங்கள் எழுதிய சில வரிகள்தான் உங்கள் கடிதம். மற்றதெல்லாம் அவற்றைச் சுற்றிக் கட்டிய மதில்.

சாத்தானின் பேச்சுகளுக்காக முதல் காண்டங்களில் நின்றுவிட்ட நீங்கள், நான்காம் காண்டத்தின் முடிவையும் ஐந்தாம் காண்டத்தின் தொடக்கத்தையும் ஒருமுறை உங்களுக்காகவே படித்துப் பாருங்கள். உறங்கும் ஏவாளின் காதருகே சாத்தான் தேரை உருவில் குந்தியிருக்கிறான். காவலுக்கு வந்த தேவதூதர்கள் அவனைக் கண்டுபிடிக்கிறார்கள். விலக்கப்பட்ட கனியைத் தானே உண்டதாகக் கனவு கண்ட ஏவாள், விடிந்ததும் கன்னம் சிவக்க எழுந்து, ஒன்றையும் மறைக்காமல் ஆதாமிடம் சொல்கிறாள். கடவுளின் மனத்திலோ மனிதரின் மனத்திலோ தீமை வந்து போகலாம், மனம் அதற்கு இசையாதவரை அது கறையையோ பழியையோ விட்டுச் செல்வதில்லை என்கிறான் ஆதாம். அவள் கண்ணில் ததும்பும் கண்ணீரை முத்தமிடுகிறான். பிறகு இருவரும் சேர்ந்து காலை ஜெபத்துக்குப் போகிறார்கள்! இப்படி ஒரு கனவு கண்டவள் இன்றைக்கு ஆராதனைக்கு வரக்கூடாது என்று அவன் சொல்லவில்லை; அவளும் தன்னை விலக்கிக்கொள்ளவில்லை. ஒன்பதாம் காண்டத்தில் அவள் விழுவது வேறு விதம். அங்கே அவள் எடைபோட்டு, இசைந்து, தன் கையால் பறித்து உண்கிறாள். எண்ணம் வருவதற்கும் மனம் இசைவதற்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தின்மேல்தான் மில்டன் தம் காவியத்தையே நிறுத்தியிருக்கிறார். நீங்களோ அந்தத் தூரத்தை அழித்துவிட்டு, வந்த எண்ணத்துக்காகவே உங்களைத் தண்டித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மில்டன் காலத்து ஆங்கில எழுத்தாளரான ஜான் பன்யனை உங்களுக்குப் பாட்டி வழியாகவே தெரியும். அவருடைய 'மோட்சப் பிரயாணம்' நூலைத் தழுவித்தான் கிருஷ்ணபிள்ளை பாடினார். பன்யன் 1666இல் வெளியிட்ட தன்வரலாற்றில், கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு என்று ஒரு குரல் ஓயாமல் தம்மை நச்சரித்ததை எழுதியிருக்கிறார். சாப்பிட உட்கார்ந்தாலும், விறகு வெட்டினாலும், கீழே கிடந்த குண்டூசியை எடுக்கக் குனிந்தாலும் அதே குரல். ஆயிரமாயிரம் உலகங்களைக் கொடுத்தாலும் மாட்டேன் என்று பதில் சொல்லிச் சொல்லி, முழங்கையால் காற்றைத் தள்ளித் தள்ளி அவர் களைத்துப்போனார். திருவிருந்திலும் அது விடவில்லை. அந்தச் சடங்கையே தூஷிக்கச் சொல்லும் எண்ணங்கள் ஏறக்குறைய ஒன்பது மாதம் அவரை வாட்டின. சிறையிருந்து மீண்ட அந்த மனிதர் 1678இல் 'மோட்சப் பிரயாணம்' வெளியிட்டபோது, மரண நிழலின் பள்ளத்தாக்கில் பயணியின் பின்னால் ஒரு தீய ஆவி மெல்ல வந்து தூஷணங்களைக் காதில் ஓதுவதாகவும், அவை தன் மனத்திலேயே பிறந்தவை என்று நம்பி அவன் வேறெதற்கும் கலங்காத அளவுக்குக் கலங்குவதாகவும் எழுதினார். இவரைத்தான் மன்னிக்கப்படாதவர் என்று சொல்லப்போகிறீர்களா?

இத்தகைய எண்ணங்கள், ஒருவருக்கு எது மிகப் புனிதமோ அதையே தேடிவந்து தாக்கும். குழந்தையை உயிராக நேசிக்கும் தாய்க்கு அந்தக் குழந்தையைப் பற்றியே கொடூரமான எண்ணம் வருவதை நான் கேட்டிருக்கிறேன். இயேசுவை ஒரு பொருட்டாக நினைக்காதவருக்கு அந்த வசைச்சொல் வயிற்றைப் பிசையாது. நீங்கள் அதற்கு இசையவில்லை என்பதற்கு உங்கள் நடுக்கத்தைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆனால் பன்யனின் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. அவர் பதில் சொல்லச் சொல்ல அந்தக் குரல் வலுத்ததே தவிர ஓயவில்லை. உங்கள் ஜெபத்தை முதலிலிருந்து திரும்பச் சொல்வதும், கடைசி வரிசைக்கு ஒதுங்குவதும் அந்தப் பதில்களைப் போன்றவைதான். அந்த நேரத்துக்கு ஆறுதல் தந்து, எண்ணத்துக்கு மறுபடி வரும் வலுவைக் கொடுக்கின்றன. எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.) என்று நாங்கள் சொல்வதன் ஒரு வகையாக இது இருக்கக்கூடும். ஒரு கடிதத்தை வைத்து நான் நோய்ப்பெயர் சூட்டக்கூடாது. மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள். இதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு, பலருக்கு நல்ல பலனும் கிடைத்திருக்கிறது. எண்ணம் குறுக்கிட்டாலும் ஜெபத்தைத் திரும்பத் தொடங்காமல் முடித்துவிட்டு எழுந்திருப்பது அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி.

உங்கள் கணவரைப் பற்றி. பிள்ளைகள் முன்னால் உங்களைக் குத்தும்படி ஜெபித்தது தவறு. புத்தகத்தைக் கட்டிப் பரணில் போட்டதும் தவறு. ஆனாலும் ஒன்றில் நீங்கள் அவருக்கு நியாயம் செய்யவில்லை என்று நினைக்கிறேன். தன் மனைவி திருவிருந்தை விட்டு விலகுவதையும், ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு தூங்காமல் இருப்பதையும் அவர் பார்த்திருக்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிந்த ஒரே மாற்றம் மேசைமேல் இருந்த புத்தகம். வேறு காரணம் எதையும் நீங்கள் அவருக்குச் சொல்லவில்லை. மில்டனின் பார்வையிழப்பைப் பற்றி எத்தனையோ முறை விளக்கிய நீங்கள், உங்கள் பயத்தைப் பற்றி ஒரு வாக்கியம்கூட அவரிடம் பேசியதாகக் கடிதத்தில் இல்லை. உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று அறியாத மனிதரை, உங்களைப் புரிந்துகொள்ளாதவர் என்று சொல்வது சரியாகுமா? ஆதாமைப் போல அவர் உடனே கனிவாகப் பதில் சொல்வார் என்று நான் உறுதி தரமுடியாது. முதலில் அஞ்சக்கூடும், பிசாசு என்றே மறுபடியும் சொல்லக்கூடும். அப்போது பன்யனின் பக்கங்களை அவர் முன் வையுங்கள். விவரம் தெரிந்த சேகரகுரு (சபைப் போதகர்) ஒருவர் துணையிருந்தால் இன்னும் நல்லது.

மருத்துவரைப் பார்த்ததும், கணவரிடம் பேசியதும் எனக்கு எழுதுங்கள். அவசியம் பதில் எழுதுவேன். அது மன்னிக்கப்படாத பாவமா என்று மட்டும் மறுபடி கேட்காதீர்கள். அதற்கு என் பதிலை இந்தக் கடிதத்தில் சொல்லிவிட்டேன். எத்தனை முறை உறுதி தந்தாலும் அடுத்த நாள் அந்தப் பயம் புதிதாக ஓர் உறுதியைக் கேட்கும் என்பதால், அந்த ஒரு கேள்விக்கு இனி நான் பதில் எழுதமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்