மாடிஃபை பண்ண பழைய பெட்ரோல் கார், பொல்யூஷன் டெஸ்ட்: கேள்வி பதில்

எஸ்டீம், ஜென், கான்டெசா, 118 என்இ, பழைய சிட்டி மாதிரி வண்டிகளில் கேம் (வால்வைத் திறக்கற தண்டு), ஹெடர்ஸ் (இன்ஜின்ல இருந்து புகையை வெளியே எடுக்கற பைப்), கார்பரேட்டர் மாத்தி ஓட்டறவங்களுக்காக இந்தப் பகுதி. கேக்கும்போது மாடல் வருஷம், என்னென்ன மாத்தினீங்க, மெஷின் காட்டின சிஓ (கார்பன் மோனாக்சைடு), எச்.சி. (எரியாத பெட்ரோல்), சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு), ஓ2 (ஆக்சிஜன்) நாலையும் எழுதுங்க. சர்டிஃபிகேட்ல சிஓ, எச்.சி. ரெண்டுதான் வரும். மீதி ரெண்டு மெஷின் திரையில இருக்கும், நின்னு பாத்து எழுதிக்குங்க.

ஐடிலிங்ல (வண்டி நிக்க இன்ஜின் மட்டும் ஓடறப்போ) வரம்பு இது: பி.எஸ். (பாரத் ஸ்டேஜ், அரசோட புகை விதி) 2-க்கு முந்தைய தயாரிப்புன்னா சிஓ 3 சதவீதம், எச்.சி. 1500 பிபிஎம். பி.எஸ். 2, பி.எஸ். 3-ன்னா சிஓ 0.5, எச்.சி. 750. பி.எஸ். 4-ன்னா சிஓ 0.3, எச்.சி. 200, அதுக்கு 2500 ஆர்பிஎம் பக்கத்துல லாம்டாவும் (காத்து-பெட்ரோல் கலவை அளவு) பாப்பாங்க.

ராயபுரம், எஸ்டீம் 2002, டிஎன் 04: அண்ணே, 4-2-1 ஹெடர்ஸ் போட்டதுல இருந்து ஃபெயில். சிஓ 1.8, எச்.சி. 310, சிஓ2 12.1, ஓ2 2.9. மெக்கானிக் இன்ஜெக்டர் மாத்தணும்னு சொல்றாரு. செலவு பண்ணலாமா?

பண்ணாதீங்க தம்பி. சிஓ ஏறினா ஓ2 இறங்கியிருக்கணும். உங்களுக்கு ரெண்டும் சேந்து ஏறியிருக்கு. அப்படின்னா சைலன்சர் பைப்புக்குள்ள எங்கேயோ வெளிக்காத்து நுழையுது. அது ஓ2 சென்சாருக்கு முன்னாடி நுழைஞ்சா, அந்தக் காத்தை சென்சார் பாத்துட்டு "பெட்ரோல் பத்தலை"ன்னு ஈசியூவுக்குச் (இன்ஜின் கம்ப்யூட்டருக்குச்) சொல்லும். ஈசியூ பெட்ரோலைக் கூட்டும், சிஓ ஏறும். இன்ஜெக்டர் மேல தப்பே இல்லை.

இன்ஜின் நல்லா ஆறினப்புறம் ஸ்டார்ட் பண்ணி, வால் பைப்பைத் தடிமனான ஈரத்துணியால சில நொடி பாதி அடைக்கச் சொல்லுங்க. ஹெடர் ஃபிளாஞ்ச்ல, ஜாயின்ட்ல, சென்சார் நட்டுல சோப்புத் தண்ணி அடிச்சுப் பாருங்க. நுரை கிளம்புற இடம்தான் லீக். கறுப்புக் கரி கோடு இருந்தாலும் அதேதான். வெளியில செய்யற ஹெடர்ஸ்ல ஃபிளாஞ்ச் வெல்டிங் சூட்டுல வளைஞ்சிருக்கும். ஸ்டீல் ஸ்கேலை வெச்சு ஃபீலர் கேஜ் விடுங்க, 0.10 மி.மீ. உள்ள போனா லேத்துல கொடுத்து ஃபேஸ் பண்ணணும். புது கேஸ்கெட் போட்டு, இன்ஜின் ரெண்டு தரம் சூடாகி ஆறினதும் நட்டை மறுபடி டைட் பண்ணணும். இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. சாதா சிலிக்கான் பேஸ்ட் வேண்டாம், அதோட ஆவி சென்சாரைக் கொன்னுடும். டியூப்ல "சென்சார் சேஃப்"னு போட்டிருக்கணும்.

அடுத்தது சென்சார் இருக்கிற இடம். ஹெடர்ஸ் போட்டப்போ சென்சாரைக் கீழ தள்ளி வெச்சிருப்பாங்க. அங்க சூடு பத்தாது, 300 டிகிரிக்குக் கீழ சென்சார் ஒழுங்கா பேசாது. ஒத்தை ஒயர் சென்சார்னா அந்த இடத்துல பிழைக்காது, உள்ள ஹீட்டர் இருக்கிற நாலு ஒயர் சென்சார்தான் போடணும். மல்டிமீட்டர்ல பாருங்க: சூடான இன்ஜின்ல 0.1-க்கும் 0.9-க்கும் நடுவுல வோல்ட் ஓயாம ஏறி இறங்கணும். ஒரே இடத்துல நின்னா சென்சாரோ ஒயரிங்கோ போச்சு.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வண்டி நிக்கிறவங்க எல்லாருக்கும் சேத்துச் சொல்றேன். உப்புக்காத்துல சைலன்சர் ஜாயின்ட் பின்னல் குழாய் கிட்டதான் முதல்ல பொத்தல் விழும். வருஷத்துக்கு ஒரு தரம் லிஃப்ட்ல ஏத்திப் பாருங்க.

தண்டையார்பேட்டை: சார், டேங்க்ல அடிட்டிவ் ஊத்தினா பாஸ் ஆயிடுமா?

ஆகாது. இன்ஜெக்டர் அழுக்கா இருந்தா கிளீனர் கொஞ்சம் உதவும், ஒரு டேங்க் ஓட்டினப்புறம். மத்தபடி லீக், இக்னிஷன், மிக்ஸ்சர், கேட்கான் (புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்): இந்த வரிசையிலதான் தேடணும். ஆக்டேன் பூஸ்டர் ஊத்தறவங்க டப்பாவைத் திருப்பிப் படிங்க. மாங்கனீஸ் கலந்ததுன்னா பிளக்ல செந்நிறமா படியும், கேட்கான் மேலயும் படியும்.

பெரம்பூர், கான்டெசா 1.8, 1994: ரெண்டு வெபர் 40 டிசிஓஇ கார்பரேட்டர், லாங் டியூரேஷன் கேம் (வால்வை அதிக நேரம் திறந்து வைக்கிறது). சிஓ 6.2, எச்.சி. 1900. எஃப்.சி.க்குக் காட்டணும். ஸ்டாக் கார்பரேட்டரைத் திரும்பப் போடணுமா?

முதல்ல இதுலயே முயற்சி பண்ணலாம். உங்க வரம்பு 3-ம் 1500-ம்தான். அந்த 1.8 இசுசு இன்ஜின் ரெண்டு வெபர்லயும் சிஓ 2-க்கு வரும், பொறுமையா உக்காரணும்.

ஆரம்பிக்க வேண்டியது பெட்ரோல் பிரஷர்ல. எலெக்ட்ரிக் பம்ப் போட்டிருந்தா ரெகுலேட்டர் வெச்சு 3 பிஎஸ்ஐ பக்கம் நிறுத்துங்க. அதிகமானா நீடில் வால்வைத் தள்ளிட்டு ஃப்ளோட் சேம்பர் நிரம்பும், அப்புறம் எந்த ஸ்குரூவைத் திருப்பினாலும் ரிச்சாவே (பெட்ரோல் அதிகமாவே) இருக்கும். பிரஷர் சரியானதும் ஃப்ளோட் லெவல் பாருங்க.

அப்புறம் த்ராட்டில் பிளேட். வெபர்ல ஐடில் துவாரத்துக்கு மேல வரிசையா ப்ரோக்ரஷன் துவாரங்கள் இருக்கு. ஐடில் நிக்கலைன்னு ஸ்டாப் ஸ்குரூவை ஏத்திக்கிட்டே போனா பிளேட் அந்தத் துவாரங்களைத் திறந்துடும், அங்கிருந்தும் பெட்ரோல் கொட்டும். ஸ்குரூ தொட்ட இடத்துல இருந்து அரைச் சுத்துக்கு மேல போகக் கூடாது. போனாத்தான் ஐடில் நிக்குதுன்னா பிரச்சினை டைமிங்ல இருக்கு.

இந்த இடத்துல பல பேர் வழி தவறறாங்க. கேட்கான் இருக்கிற வண்டியில டெஸ்டுக்காக டைமிங்கை 4 டிகிரி பின்னாடி தள்ளினா எச்.சி. குறையும். எரியறது தாமதமாகி சைலன்சர் சூடாகும், மிச்சம் அங்க எரியும். ஆனா லாங் கேம், கார்பரேட்டர் வண்டியில அதையே செஞ்சா ஐடில் விழும். அதை நிறுத்த த்ராட்டிலைத் திறப்பீங்க, ப்ரோக்ரஷன் துவாரம் திறக்கும், சிஓ ஏறும். உங்க வண்டிக்கு டைமிங்கை முன்னாடி கொண்டு வரணும். டைமிங் லைட் வெச்சு ஐடில்ல 12-ல இருந்து 14 டிகிரி வரைக்கும் போய்ப் பாருங்க, நாக் (இன்ஜின் தட்டற சத்தம்) வருதான்னு லோடுல ஓட்டிப் பாத்துட்டு நிறுத்துங்க.

ஐடில் 1000 ஆர்பிஎம். ரெண்டு கார்பரேட்டரும் ஒரே அளவு காத்து இழுக்குதான்னு சிங்க்ரோமீட்டரால சமப்படுத்துங்க. அது முடிஞ்சாத்தான் மிக்ஸ்சர் ஸ்குரூ. நாலையும் உள்பக்கம் கால் காலா திருப்பி, ஆர்பிஎம் 40, 50 இறங்குற இடத்துல நிறுத்துங்க. ஸ்குரூ கிட்டத்தட்ட மூடியும் ரிச்சா இருந்தா ஐடில் ஜெட் பெருசு. 50 எஃப்9 இருந்தா 45 எஃப்9 போடுங்க.

எச்.சி. அப்பவும் 1500-க்கு மேல நின்னா பிளக்கைக் கழட்டுங்க. ரேஸ் ஓட்டற கோல்டு (சூட்டைச் சீக்கிரம் கடத்தற) பிளக் போட்டிருப்பீங்க, ஐடில்ல கரி பிடிச்சு மிஸ்ஃபயர் ஆகும். என்ஜிகேல எண் குறைஞ்சா ஹாட். 7 இருந்தா 6 போடுங்க. இந்த மாதிரி கேம் எல்லாம் சோழவரம் ஏர்ஸ்ட்ரிப்ல ஓடின காலத்து ரசனை. 5000-க்கு மேல பிரமாதமா இழுக்கும், ஐடில்ல ரெண்டு வால்வும் சேந்து திறந்திருக்கிற நேரத்துல எரியாத பெட்ரோல் நேரா வெளியே போகும். கேமையே மாத்தாம அந்தப் பகுதியைப் பூஜ்யம் ஆக்க முடியாது. எச்.சி. 1100, 1200-ல நின்னா அதுவே பாஸ்.

எண்ணூர்: அண்ணே, அடிட்டிவ் எந்த பிராண்ட் நல்லது?

தண்டையார்பேட்டைக்கு எழுதின பதிலைப் படிங்க.

மாதவரம், 2003 மாடல், டிஎன் 20: என் வண்டி திருவள்ளூர் ரிஜிஸ்ட்ரேஷன். பி.எஸ். 2 நாடு முழுக்க வந்தது 2005 ஏப்ரல்ல. அப்போ எனக்கு 3 சதவீதம்தானே? சென்டர்ல 0.5 கேக்கறாங்க.

நல்ல கேள்வி. சென்னைக்கு பி.எஸ். 2 வந்தது 2001-ல. விதி கேக்கறது வண்டி எந்த ஊர்ல பதிவாச்சுங்கிறதை இல்லை, எந்த நார்ம்படி தயாரிச்சாங்கங்கிறதை. நடுவுல இருக்கிற நாலு வருஷத்துல ரெண்டு வகையும் கம்பெனியில இருந்து வந்திருக்கலாம். பானெட்டுக்குள்ள ஸ்டிக்கர், ஆர்.சி., அரசோட வாகன் இணையதளத்துல உங்க வண்டி விவரம் மூணையும் பாருங்க.

வியாசர்பாடி, டிஎன் 05: இது அநியாயம் சார். அதே மாடல், அதே வருஷம், என் வண்டிக்கு 0.5. ரெட்ஹில்ஸ் தாண்டினா 3-ஆ? புகை பாலத்துல நின்னுடுமா?

மாதவரம்: சட்டத்துல இருக்கிறதைத்தானே கேக்கறேன். நீங்க ஏன் கோவப்படறீங்க?

கொளத்தூர், ஜென்: என்னோடது 1997 பாடி, உள்ள 2002 எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டரால பெட்ரோல் தெளிக்கிற) இன்ஜின். எனக்கு எது?

மூணு பேருக்கும் சேத்து. வியாசர்பாடி சொல்ற நியாயம் புரியுது. ஆனா வரம்பு தயாரிப்பைப் பொறுத்ததுதான், அதை சென்டர்ல சண்டை போட்டு மாத்த முடியாது. ஸ்டிக்கர்ல பி.எஸ். 1-னு இருந்து வாகன்ல தப்பா ஏறியிருந்தா ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க.

மாதவரம், உங்க வண்டியில எம்பிஎஃப்ஐ, ஓ2 சென்சார், கேட்கான் மூணும் இருந்தா வரம்பு எதுவா இருந்தாலும் அது 0.1, 0.2 காட்டணும். 2 காட்டுதுன்னா ஏதோ ஒண்ணு கெட்டிருக்கு. அந்த நிலைமையில ஓட்டினா எரியாத பெட்ரோல் கேட்கானுக்குள்ள எரிஞ்சு செங்கல் (உள்ள இருக்கிற செராமிக் கட்டி) உருகி அடைச்சுக்கும். 3 சதவீதம் கிடைச்சாலும் சந்தோஷப்பட ஒண்ணுமில்லை. உங்க நாலு எண்ணையும் போடுங்க, அதுதான் பேச வேண்டியது.

கொளத்தூர், ஆர்.சி.யில இன்ஜின் நம்பர் மாத்திப் பதிஞ்சிருக்கீங்களா? இல்லைன்னா பொல்யூஷன் உங்களுக்கு ரெண்டாவது பிரச்சினை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி அனுமதி வாங்கணும். 2019 திருத்தத்துக்கு அப்புறம் அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் 5000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம்.

வியாசர்பாடி: அப்போ எம்பிஎஃப்ஐ வண்டி எல்லாத்துக்கும் 0.5 வெச்சிடலாமேன்னுதான் நானும் சொல்றேன்.

அது சரியான கருத்து. சட்டம் போடறவங்ககிட்ட சொல்ல வேண்டியது. இதோட இதை விடுவோம், வரிசையில ஆள் நிக்கிறாங்க.

காசிமேடு, ஆர்எக்ஸ்100: டூ ஸ்ட்ரோக் கேக்கலாமா?

இது கார் பகுதி, சுருக்கமா சொல்றேன். 2000 மார்ச்சுக்கு முந்தின வண்டிக்கு சிஓ 4.5, எச்.சி. 9000. சைலன்சரைக் கழட்டிக் கரி எடுங்க, ஏர் ஃபில்டர் கழுவுங்க, 2டி ஆயிலைக் கண்ணளவுல ஊத்தாம அளந்து ஊத்துங்க.

வண்ணாரப்பேட்டை, சிட்டி 1.5 விடெக் 2001: சிஓ 0.2, எச்.சி. 980, ஓ2 2.4. ஆர்.சி.யில பி.எஸ். 2. சிஓ நல்லாத்தானே இருக்கு?

சிஓ கம்மி, எச்.சி. அதிகம்னா பெட்ரோல் சரியா கலந்திருக்கு, ஆனா எரியலை. மிஸ்ஃபயர். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் திறங்க. கடற்கரைப் பக்க வண்டியில உள்ள பச்சை பூத்திருக்கும், சுரண்டாதீங்க, கேப், ரோட்டர் ரெண்டும் மாத்துங்க. ராத்திரி இருட்டுல பானெட்டைத் திறந்து ஒயர் மேல லேசா தண்ணி தெளிச்சா ஸ்பார்க் கசியறது கண்ணுக்கே தெரியும். கை வைக்காதீங்க. அதுவும் சரியா இருந்தா இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட், வேக்கம் ஹோஸ். எத்தனால் கலந்த பெட்ரோல்ல பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸும் ஊறிப் பிளக்கும், அதையும் மாத்திடுங்க. கடைசியா வால்வ் கிளியரன்ஸ், சர்வீஸ் புக்ல இருக்கிற அளவுக்கு, இன்ஜின் ஆறினப்போ. எக்ஸாஸ்ட் வால்வ் டைட்டா இருந்தா ஐடில்ல இப்படித்தான் காட்டும்.

மூலக்கடை: கேட்கானை எடுத்துட்டு ஸ்ட்ரெய்ட் பைப் போட்டிருக்கேன். டெஸ்டுக்கு மட்டும் மாட்டிக்கலாமா?

டெஸ்டுக்கு மட்டும் மாட்டாதீங்க, நிரந்தரமா மாட்டுங்க. தொழில்நுட்பக் காரணமே போதும்: அவசரத்துக்கு மாட்டினா பழைய கேஸ்கெட்ல லீக் ஆகும், முதல் பதில்ல சொன்ன கதைதான். பவர் போகுதுன்னு பயந்தா 200 செல் (சதுர அங்குலத்துக்கு 200 துளை) மெட்டல் கேட்கான் போடுங்க. ஸ்டாக் செராமிக் 400 செல் பக்கம் இருக்கும். நல்ல ஹெடர்ஸோட 200 செல் போட்டா நீங்க ரோட்டுல வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டீங்க. மழைக்காலத்துல சூடான கேட்கானோட சுரங்கப்பாதைத் தண்ணிக்குள்ள இறக்காதீங்க. செங்கல் வெடிச்சுடும், தட்டினா கலகலன்னு சத்தம் வரும். மணலியில ஆலைப் புகையோட வாழற ஜனங்க பக்கத்துலதான் நாம ஓட்டறோம், அதுக்கு மேல நாமளும் சேக்க வேண்டாம்.

கொருக்குப்பேட்டை: வண்டி போகாமலே சர்டிஃபிகேட் தர இடம் இருக்காமே?

இந்தக் கேள்விக்கு இங்க பதில் கிடையாது.

திருவொற்றியூர்: அடிட்டிவ்...

கிடையாது. மேல ரெண்டு தரம் இருக்கு.

புழல், குவாலிஸ்: டீசல் சொல்வீங்களா?

டீசல் என் துறை இல்லை. அங்க புகை அடர்த்தியை அளப்பாங்க. பம்ப், நாசில் பாக்கற டீசல் லேபுக்குப் போங்க.

எர்ணாவூர், எஸ்டீம்: வீட்டுல மெஷின் வெச்சுப் பாத்தா சிஓ 0.3. பங்க்ல 0.9. எது பொய்?

ரெண்டும் நிஜமா இருக்கலாம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசையில அரை மணி ஐடில்ல நின்னு போயிருந்தா கேட்கான் ஆறிடும், பிளக்ல கரி சேரும். காலைல லாரி நெருக்கம் இல்லாத நேரம் பாருங்க. 15, 20 நிமிஷம் மூணாவது கியர்ல 3000 ஆர்பிஎம் பக்கம் ஓட்டிட்டு, இன்ஜினை அணைக்காம நேரா சென்டருக்குள்ள விடுங்க. முன்னாடி ரெண்டு வண்டி இருந்தா நியூட்ரல்ல 2500-ல ரெண்டு நிமிஷம் வெச்சிருங்க. ஏசி, லைட் அணைச்சிருக்கணும். ப்ரோபை (மெஷினோட அளக்கற குழாயை) வால் பைப்புக்குள்ள 30 செ.மீ. விடச் சொல்லுங்க. ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர்ல நுனியில செருகினா வெளிக்காத்து கலந்து எண்ணே தப்பா வரும். ஓ2 ஒரேயடியா ஏறி சிஓ2 12-க்குக் கீழ வந்தா அளக்கறதை நிறுத்தச் சொல்லி மறுபடி செருகச் சொல்லுங்க. இவ்வளவும் செஞ்சும் 0.9 வந்தா நாலு எண்ணோட திரும்ப வாங்க.