காசு வாங்க மாட்டேன் என்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: நகரத்திலிருந்து ஒரு கிராமத்துக்குக் குடிவந்து சில மாதங்கள் ஆகின்றன. தோட்டத்திலிருந்து நேராகக் காய்கறி கிடைக்கும் என்ற ஆசையும் இங்கே வந்ததற்கு ஒரு காரணம். ஆனால் கடையில் இருப்பதெல்லாம் வெளியூர்ச் சரக்கு. "இங்கே யாராவது காய் விற்கிறார்களா?" என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் தோட்டத்துக்குள் போய், ஒரு பை நிறைய வெள்ளரியும் பீன்ஸும் பறித்துவந்து கையில் கொடுத்தார். பணத்தை நீட்டியதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. அதன்பிறகு ஒருவர் சொல்லி ஒருவராக, வாசலில் ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. பாதி வீணாகிறது. "கை நீட்டி வாங்குவது கேவலமாக இருக்கிறது, இனிமேல் யாரிடமும் கேட்காதே" என்கிறார் என் கணவர். இப்போது அவர்கள் கண்ணில் படாமல் டவுனுக்குப் போய்க் காய் வாங்கி வருகிறேன். இந்தக் கடனை எப்படி அடைப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த டவுன் பயணத்தை நிறுத்துங்கள். சின்ன ஊரில் யார் பையில் என்ன இருக்கிறது என்பது பை வீடு போய்ச் சேர்வதற்குள் தெரிந்துவிடும். "நாம் கொடுத்தது பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்றுதான் அந்த அம்மா நினைத்துக்கொள்வார். உங்கள் கூச்சம் அவருக்கு எப்படித் தெரியும்?

கடன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட்டு அதை முடிவு செய்வோம். வெள்ளரிக் கொடி காய்ப்புக்கு வந்துவிட்டால், ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது பறிக்க வேண்டும். இலைக்கு அடியில் ஒரு காய் கண்ணில் படாமல் தங்கி, மஞ்சளாகி முற்றிவிட்டால், கொடி தன் சத்தையெல்லாம் விதைக்குத் திருப்பிவிடும். அப்புறம் புதுப் பிஞ்சு பிடிப்பது குறைந்துவிடும். பீன்ஸ், வெண்டைக்கும் இதே கதைதான். பறிக்கப் பறிக்கக் காய்க்கும், விட்டால் ஓய்ந்துவிடும். ஒரு குடும்பத்துக்கு நாலைந்து கொடி போதும். ஆனால் எத்தனை முளைக்கும், எத்தனை பிழைக்கும் என்று முன்கூட்டியே தெரியாதே! அதனால் எல்லோரும் கூடுதலாகவே விதைப்பார்கள். எல்லாம் பிழைத்துவிட்டால் அந்த வீட்டில் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அதே காய்தான். உங்களைப் போல ஒருவர் "காய் கிடைக்குமா?" என்று வாசலில் வந்து நின்றால் அவர்களுக்குச் சந்தோஷம் வராமல் என்ன செய்யும்?

விற்கலாமே என்று தோன்றும். இரண்டு கிலோ, மூன்று கிலோவைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் போனால் போக்குவரத்துச் செலவுக்கே கட்டுப்படியாகாது. வியாபாரிக்கோ ஒரே அளவில், ஒரே நிறத்தில், வளையாத காய் வேண்டும். வளைந்த வெள்ளரியும் தோலில் கீறல் விழுந்த தக்காளியும் தரம் பிரிக்கும்போதே ஒதுங்கிவிடும். ருசியில் ஒரு குறையும் இருக்காது. அக்கம்பக்கத்துக்குப் போவது பெரும்பாலும் இவைதான்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு "அவர்களுக்கு வேண்டாததைத்தானே கொடுக்கிறார்கள்" என்று சுருக்கிவிடாதீர்கள். வேண்டாததை மாட்டுக்கும் போடலாம், உரக்குழியிலும் கொட்டலாம். அந்த அம்மா வெயிலில் குனிந்து, உங்களுக்காக இளசாகப் பார்த்துப் பறித்திருக்கிறார். புதிதாக வந்தவரை "நீயும் எங்களில் ஒருத்திதான்" என்று ஏற்றுக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி அது. நீங்கள் உடனே பர்ஸைத் திறந்ததும் முகம் சுருங்கியது அதனால்தான்.

இதிலே ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோடு உங்கள் கையில்தான் இருக்கிறது. வீட்டுத் தேவைக்குப் போட்டதில் மிஞ்சியது வேறு, ஒருவர் பிழைப்புக்காக விளைவிப்பது வேறு. பால், முட்டை, தேன், மூட்டை கட்டி வண்டியில் ஏற்றும் காய் இவற்றுக்கெல்லாம் காசு கொடுத்தே ஆக வேண்டும். அன்பாகத் தருகிறார்கள் என்று வாராவாரம் முட்டையை வாங்கிக்கொண்டு வந்தால், அவர்களுடைய வருமானத்தில் நீங்கள் கை வைக்கிறீர்கள். அவர்களும் முகத்துக்கு நேரே கேட்க மாட்டார்கள். எனவே வாங்கும் முன்பே, "இது விற்பனைக்கு வைத்திருப்பதா? அப்படியானால் கடைவிலைக்குக் கொடுங்கள், அப்போதுதான் தயங்காமல் அடுத்த வாரமும் வருவேன்" என்று கேட்டுவிடுங்கள். 'அடுத்த வாரமும்' என்று சொன்னால் அது வாடிக்கை ஆகிவிடும், வாடிக்கையாளரிடம் காசு வாங்க யாரும் கூச்சப்படுவதில்லை. தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். நகரத்தில் சூப்பர் மார்க்கெட் ஒட்டிய விலைக்கு மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, இங்கே வந்து கட்டுக்கீரைக்கு விலை குறைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மிஞ்சியதைத் தருபவர்களுக்கு என்ன திருப்பிச் செய்வது? மறுநாளே கடையில் ஒரு பரிசுப் பொருள் வாங்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள். அது முகத்தில் அடித்தாற்போல் கணக்குத் தீர்ப்பது. கொஞ்ச நாள் போகட்டும். பாத்திரத்தில் வந்தால் கழுவி, தாமதிக்காமல் திருப்பிக் கொடுங்கள். பையும் அப்படித்தான், தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பை எவ்வளவு இருந்தாலும் போதாது. நீங்கள் சேர்த்துவைத்த காய்த்தோலை, மாடோ ஆடோ இருக்கும் வீட்டில் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். டவுனுக்குப் போகிற நாளில் "ஏதாவது வாங்கி வரணுமா?" என்று ஒரு குரல் கொடுங்கள், மருந்துக்கடைச் சீட்டு நிச்சயம் வரும். ஃபோனில் விண்ணப்பம் நிரப்புவது, வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது எல்லாம் உங்களுக்கு ஐந்து நிமிட வேலை, அவர்களுக்கு ஒரு நாள் அலைச்சல் மிச்சம். எல்லாவற்றையும்விட, அறுவடை நெருக்கடியில் ஒரு காலை நேரம் போய்க் கூடப் பறியுங்கள். முதல் நாள் மெதுவாகத்தான் பறிப்பீர்கள், சிரிப்பார்கள், போகட்டும்.

கொடுத்த காய் எப்படி இருந்தது என்று சொல்லவும் மறக்காதீர்கள். "நன்றி, நல்லா இருந்தது" என்று பொதுவாகச் சொல்லாமல், "பீன்ஸில் நாரே இல்லை, என்ன விதை?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் போவது தெரியாது. வரும்போது ஒரு பொட்டலம் விதையும் கையில் இருக்கும்.

அதிகமாக வருவதைப் பற்றி. வீணாக்குவதைவிட வாய்விட்டுச் சொல்வது மேல். "போன வாரத்ததே இருக்கிறதம்மா, தீர்ந்ததும் நானே வந்து கேட்கிறேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மற்றபடி, வந்ததை வைக்கிற விதத்தில் வையுங்கள். முள்ளங்கி, கேரட்டின் தழையை அன்றே நறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் தழை கிழங்கின் ஈரத்தை உறிஞ்சி வதங்க வைத்துவிடும். நன்றாகப் பழுக்காத தக்காளியை ஃப்ரிட்ஜில் வைத்தால் வாசமும் ருசியும் போய்விடும், வெளியிலேயே இருக்கட்டும். முற்றிய பூசணி காம்போடு இருந்தால், காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் தாங்கும். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒடிந்தால் அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும். முட்டையைக் கழுவி அடுக்க வேண்டாம், ஓட்டின் மேல் இயற்கையாக உள்ள பூச்சு போய்விடும். சமைக்கும்போது கழுவினால் போதும். மக்காச்சோளம் மட்டும் காத்திருக்காது. பறித்த நிமிடத்திலிருந்தே அதன் சர்க்கரை மாவாக மாறத் தொடங்கிவிடும், வந்த அன்றே வேகவைத்துவிடுங்கள்.

ஓசியில் வருவதாயிற்றே என்று ஒன்றைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்: "கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள்?" பூச்சிமருந்து அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று அதன் லேபிளிலேயே இருக்கும், பயிர் வைப்பவர்களுக்கு அது பழகிய கேள்விதான். கறந்த பால் எவ்வளவு தெரிந்த வீட்டிலிருந்து வந்தாலும் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.

இன்னொன்று. உங்களைப் பார்க்க நகரத்திலிருந்து நண்பர்கள் வருவார்கள். "எங்களுக்கும் கொஞ்சம் வாங்கிக் கொடேன்" என்பார்கள். அங்கேதான் உறவு கெடும். உங்களுக்குக் கிடைக்கும் சலுகையைப் பிறருக்கு வழங்க உங்களுக்கு உரிமையில்லை. அவர்களைக் காரோடு அழைத்துக்கொண்டு போய்த் தோட்டத்தில் நிறுத்தாதீர்கள், கேட்காமல் யாருடைய ஃபோன் எண்ணையும் கொடுக்காதீர்கள். வேண்டுமானால் முன்கூட்டியே விலை பேசி, காசை முதலிலேயே கொடுத்து வாங்கித் தாருங்கள்.

உங்கள் கணவர் விஷயம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாங்கும் பக்கத்தில் மட்டுமே நின்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். கூடை சுமப்பதற்கோ, வேலியில் கம்பி கட்டுவதற்கோ எந்த வீட்டிலும் ஆள் பற்றாக்குறைதான். அடுத்த முறை பறிக்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.