கீறல் விழுந்த பழைய ரோலெக்ஸ்: வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா?

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன். தேராவில் உள்ள ஒரு கடையில் பழைய ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் வாங்கினேன். ஸ்டீலும் தங்கமும் கலந்த 16233 மாடல், 1995 தயாரிப்பு என்றார்கள். பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று பில்லில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் உடம்பு முழுக்க மெல்லிய கீறல்கள். மூன்று மணிப் பக்கம் கண்ணாடி விளிம்பில் சின்ன உடைசல். செயின் தளர்ந்து தொங்குகிறது. டயல் புள்ளிகள் பழுப்பேறியிருக்கின்றன. கண்ணாடியைச் சுற்றியுள்ள பெசல் வளையத்தில் ஓரிடத்தில் அடிபட்ட தடம். நேரம் சரியாகத்தான் ஓடுகிறது. வைத்துக்கொள்ளலாமா? பாலிஷ் போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: பத்து நாள் முடியும்வரை இந்த வாட்சுக்குப் பாலிஷ் போடாதீர்கள், வெளியில் கொடுத்து எதையும் மாற்றாதீர்கள், கழற்றவும் விடாதீர்கள். வேறொருவர் கை பட்டுவிட்டால் கடைக்காரர் திருப்பி வாங்க மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

நீங்கள் சொன்ன ஐந்து குறைகளில் எதுவும் தன்னளவில் திருப்பிக் கொடுக்கும் அளவுக்குப் பெரியதல்ல. கண்ணாடியை மாற்றலாம், செயினைச் சீர்செய்யலாம். கீறல்களை அப்படியே விட்டுவிடலாம், விடுவதுதான் நல்லது. முடிவு செய்ய வேண்டியவை உங்கள் கேள்வியில் இல்லாத இரண்டு விஷயங்கள்: செயின் மாட்டும் நான்கு காதுகளில் உலோகம் மிச்சமிருக்கிறதா, டயலில் யாராவது கை வைத்திருக்கிறார்களா. தேய்ந்துபோன உலோகமும் கெட்டுப்போன டயலும் சர்வீஸில் திரும்பி வருவதில்லை.

பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்றும் செல்போன் டார்ச்சும் போதும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். தண்ணீர் காட்டாதீர்கள். முப்பது ஆண்டு வாட்சின் ரப்பர் வளையங்களை இன்னும் யாரும் சோதிக்கவில்லை.

காதுகளிலிருந்து தொடங்குங்கள். இந்த மாடலில் காதின் மேல்பரப்பு மெல்லிய கோடுகளோடு மங்கலாகவும், பக்கவாட்டு கண்ணாடிபோல் பளபளப்பாகவும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் விளிம்பு கத்தி வைத்துக் கீறியதுபோல் நேராக ஓட வேண்டும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அந்த விளிம்பின் மேல் வெளிச்சத்தை மெதுவாக நகர்த்துங்கள். ஒளிக்கோடு உடையாமல் நுனிவரை போனால் நல்லது. நடுவில் மழுங்கி, மேலும் பக்கமும் ஒன்றாகக் குழைந்து தெரிந்தால் பாலிஷ் சக்கரம் அங்கே பலமுறை போயிருக்கிறது.

அடுத்து, வாட்சை மேலிருந்து பார்த்து நான்கு காதுகளின் பருமனையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் ஒல்லியாக இருந்தால் அங்கிருந்த ஆழமான அடியைத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் காலத்து டேட்ஜஸ்ட் பலவற்றில் காதுகளின் வெளிப்பக்கம், செயினைப் பிடிக்கும் ஸ்பிரிங் பின்னுக்கான துளை இருக்கும்; உங்களுடையதில் இருந்தால் அதையும் பாருங்கள். துளையின் வாய் கூர்மையாக, வட்டமாக இருக்க வேண்டும். வாய் அகன்று குழிந்திருந்தாலோ, துளை காதின் ஓரத்தை ஒட்டி வந்திருந்தாலோ நிறைய உலோகம் போய்விட்டது.

நீங்கள் கவலைப்படும் மெல்லிய கீறல்கள் இந்த இடத்தில் நல்ல செய்தியாகவும் இருக்கலாம். விற்பதற்கு முன் பளபளப்பாக்கிய வாட்சில் கீறலே இருக்காது, கூடவே வடிவமும் இருக்காது. கீறல் நிறைந்த, ஆனால் காது பருமனான வாட்சைத்தான் விவரம் தெரிந்தவர்கள் தேடி வாங்குகிறார்கள். போன உலோகத்தை லேசர் வெல்டிங்கில் சேர்த்து மறுபடி வடிவம் கொடுக்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். அது செலவு பிடிக்கும் வேலை, தேர்ந்த கை இல்லையென்றால் வடிவம் இன்னும் கெடும். அதை நம்பி வாங்க வேண்டாம்.

இனி டயல். ஆறு மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி ‘ஸ்விஸ்’ என்ற சொல்லின் இருபுறமும் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள். 1995-க்கு அதுதான் பொருத்தம். ஒளிரும் பூச்சில் ட்ரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் இருப்பதற்கான அடையாளம் அது. ட்ரிட்டியம் 12.3 ஆண்டுகளில் பாதியாகிவிடும். இத்தனை காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவே மிஞ்சியிருக்கும், அதோடு ஒளிரும் பொருளும் சோர்ந்திருக்கும். ஆகவே புள்ளிகள் பழுப்பேறியிருப்பது வயதுக்குரிய நிறம், குறையல்ல. பல சேகரிப்பாளர்கள் அதற்காகவே கூடுதல் விலை கொடுப்பார்கள்.

சோதனை ஒன்று உண்டு. டார்ச்சைப் பத்து விநாடி டயலில் காட்டிவிட்டு விளக்கை அணையுங்கள். பழைய ட்ரிட்டியம் மங்கலாக மினுங்கி, சீக்கிரம் அணைந்துவிடும். பச்சையாகப் பளீரென்று எரிந்து அரைமணி நேரம் நின்றால், புள்ளிகளில் பிற்காலப் பூச்சு போட்டிருக்கிறார்கள் அல்லது டயலே மாறியிருக்கிறது. முட்களின் பூச்சையும் சேர்த்துப் பாருங்கள். புள்ளிகள் பழுப்பாகவும் முட்கள் வெள்ளையாகவும் இருந்தால் முட்கள் பின்னால் மாற்றப்பட்டவை. இது விலை குறைக்கக் கேட்க வேண்டிய விஷயம். இதற்காக மட்டும் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை.

கறுப்பு அல்லது பச்சைப் புள்ளி, முள்ளின் மேல் துரு, டயல் ஓரத்தில் கொப்புளம் மூன்றும் வேறு கதை. உள்ளே ஈரம் போயிருக்கிறது. இதை அழகுக் குறை என்று கடைக்காரர் சொன்னால் ஏற்காதீர்கள். டயலை எட்டிய ஈரம் அதன் கீழே உள்ள எஃகு உதிரிகளையும் தொட்டிருக்க வாய்ப்பு அதிகம். டயலில் வைரம் பதித்திருந்தால், அது கம்பெனி பதித்ததா, வெளியில் பதித்ததா என்று எழுத்தில் கேளுங்கள். இந்த மாடலில் வெளியில் வைரம் வைத்த டயல்கள் ஏராளம். வெளி உதிரி இருந்தால் ரோலெக்ஸ் சர்வீஸ் மையம் வாட்சை ஏற்க மறுக்கலாம், அல்லது உங்கள் செலவில் அசல் உதிரிக்கு மாற்றச் சொல்லலாம்.

கண்ணாடி செயற்கை நீலக்கல், அதை உரசி உடைசலை எடுக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். இந்த மாடலில் கண்ணாடியின் விளிம்பு பெசலுக்கு மேலே எழும்பி நிற்கும். உடைசல் அந்த மேல்விளிம்போடு நின்றால் தண்ணீர் உடனே உள்ளே போய்விடாது. பெசலுக்குள் இறங்கும் விரிசல் இருந்தால் வாட்சைக் கட்டவே வேண்டாம். சர்வீஸில் புதுக் கண்ணாடி போட்டால் ஆறு மணி இடத்தில் லேசரில் பொறித்த நுண்ணிய கிரீடம் இருக்கலாம். 1995 வாட்சில் அது இருப்பதை வைத்துப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

செயின் தளர்வதற்கு உலோகம் நீளுவது காரணமல்ல. சைக்கிள் செயினைப் போலத்தான்: வியர்வையோடு சேர்ந்த தூசி கண்ணிகளுக்குள் புகுந்து ஊசியையும் துளையையும் அராவுகிறது. ஐந்து வரிசை ஜூபிலி செயினில் கண்ணிகள் சிறியவை, நடுவில் உள்ளவை தங்கம் என்பதால் தேய்மானம் சீக்கிரம் தெரியும். வாட்சைப் பக்கவாட்டில் நிறுத்தி, செயினைக் கிடையாக நீட்டிப் பிடியுங்கள். சற்றே வளைந்தால் வயதுக்கு இயல்பு. நடுவில் தளர்ந்து வில்போல் தொங்கினால் ஊசிகளையும் குழாய்களையும் மாற்றிக் கட்டும் நிபுணரிடம் கொடுக்க வேண்டியிருக்கும். தனியாக வாங்கினால் இரண்டு உலோகச் செயின் மலிவான பொருளல்ல. அதனால் பேரத்தில் உங்கள் கையில் உள்ள வலுவான ஆயுதம் இதுதான்.

பெசலில் உள்ள தடத்தை விட்டுவிடுங்கள். வரிவரியான அந்தத் தங்கத்தைத் தேய்த்தால் பக்கத்து வரிகளும் மழுங்கும். ஆனால் வரிகளின் உச்சியை லென்ஸில் பாருங்கள். அசல் பெசல் 18 காரட் திடத் தங்கம், எவ்வளவு தேய்ந்தாலும் உள்ளேயும் அதே நிறம்தான். உச்சியில் வெள்ளையாகத் தெரிந்தால் அது முலாம் பூசிய மாற்று பெசல். அப்படியென்றால் யோசிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

நேரம் சரியாக ஓடுவதை மட்டும் வைத்து இயந்திரம் நலம் என்று சொல்ல முடியாது. எண்ணெய் உலர்ந்த இயந்திரத்தையும் திருகி நேரம் காட்ட வைக்கலாம், அச்சுகள் தேய்ந்துகொண்டே இருக்கும். சாவியை 40 சுற்று திருகி முழுதாக ஏற்றிவிட்டு, துடிப்பின் ஒலியைக் கேட்டு இயந்திரத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்க வேண்டிய 3135 இயந்திரத்துக்கு மணிக்கு 28,800 துடிப்பு, லிஃப்ட் கோணம் (வீச்சைக் கணக்கிடக் கருவிக்குத் தேவைப்படும் எண்) 52 டிகிரி என்று கருவியில் அமைக்க வேண்டும். டயல் மேல்நோக்கி இருக்கும்போது வீச்சு, அதாவது உள்ளே ஆடும் பேலன்ஸ் சக்கரம் சுழலும் அளவு, 270 டிகிரிக்கு மேல் இருந்தால் திருப்தி. 240-க்குக் கீழே வந்தால் முழு சர்வீஸ் செலவைக் கணக்கில் சேருங்கள். பீட் எரர், அதாவது டிக், டாக் இரண்டுக்கும் இடையிலான நேர ஏற்றத்தாழ்வு, 0.8 மில்லி விநாடியைத் தாண்டக் கூடாது.

பின்மூடியைக் கடைக்காரரே உங்கள் முன்னால் திறக்கட்டும். இந்த இயந்திரத்தின் தெரிந்த பலவீனம், கை அசைவில் சுழன்று வாட்சை ஏற்றும் ரோட்டரின் அச்சு. அது தேய்ந்தால் ரோட்டர் ஆடி, கீழே உள்ள இயந்திரத் தகட்டிலோ மூடியின் உட்பக்கத்திலோ அரைவட்டமாக உரசும். அந்த உரசல் தடமும் மஞ்சள் நிற உலோகத் தூளும் தெரிந்தால் சர்வீஸ் நீண்ட நாளாகத் தள்ளிப்போயிருக்கிறது. மூடியபின் 3 பார் அளவுக்கு உலர் அழுத்தச் சோதனை (தண்ணீரில் போடாமல் காற்றழுத்தத்தில் செய்வது) செய்யச் சொல்லுங்கள். அதில் தோற்றால் ரப்பர் வளையங்கள் மாற்றும்வரை கை கழுவும்போதுகூடக் கழற்றி வையுங்கள். செயினையும் கடைக்காரரே கழற்றிக் காட்டட்டும்; ஆறு மணிப் பக்கக் காதுகளுக்கிடையே சீரியல் எண் இருக்கும். 1995-ஐ ஒட்டிய வாட்ச் என்றால் அது பெரும்பாலும் ‘டபிள்யூ’ எழுத்தில் தொடங்கும். எழுத்துகள் மங்கியோ புள்ளிபுள்ளியாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இப்போது பணக்கணக்கு. கண்ணாடி, செயின், முழு சர்வீஸ் மூன்றுக்கும் இரண்டு இடத்தில் எழுத்தில் விலை வாங்கி, கொடுத்த தொகையோடு கூட்டுங்கள். அதே மாடல், அதே ஆண்டு, காது பருமனான, செயின் இறுக்கமான வாட்சை மற்ற கடைகள் என்ன விலைக்கு விற்கின்றன என்று பாருங்கள். உங்கள் கூட்டுத்தொகை அதைவிடப் பத்து சதவீதமாவது குறைவாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். சமமாக வந்தால் வித்தியாசத்தைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள், மறுத்தால் திருப்பிவிடுங்கள். காது மெலிந்திருந்தாலோ டயல் மறுபூச்சு என்றாலோ எந்தத் தள்ளுபடிக்கும் இணங்க வேண்டாம். நாளைக்கு நீங்கள் விற்கப் போகும்போது வாங்குபவரும் முதலில் அங்கேதான் லென்ஸ் வைப்பார்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால், சர்வீஸுக்குக் கொடுக்கும் ரசீதிலேயே மூன்று வரி எழுதி வாங்குங்கள்: கேஸுக்கும் செயினுக்கும் பாலிஷ் வேண்டாம், டயலையும் முட்களையும் மாற்ற வேண்டாம், மாற்றும் உதிரிகளைத் திருப்பித் தர வேண்டும். சர்வீஸ் மையங்கள் கேட்காமலே பாலிஷ் போடுவதும், ட்ரிட்டியம் டயலுக்குப் பதில் புது டயல் பொருத்தப் பரிந்துரைப்பதும் சாதாரணம். மாற்றிய உதிரியைத் தர முடியாது என்று சொல்லும் இடமும் உண்டு. அப்படிச் சொன்னால் டயல் தொடர்பான வேலையை அங்கே கொடுக்காமல், இயந்திரத்தை மட்டும் சுத்தம் செய்து எண்ணெயிடும் நம்பிக்கையான தனி வாட்ச் மெக்கானிக்கிடம் போங்கள்.