இதயத்தை இளமையாக்கும் கேப்ஸ்யூல் உண்டா?

கேள்வி: எனக்கு வயது 58. பல வருடங்களாக பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறேன். சமீபத்தில் எடுத்த எக்கோவில் பம்பிங் 62 சதவீதம், ஆனால் 'கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்' என்று எழுதியிருக்கிறார்கள். இதய செல்கள் முதுமையடைவதால்தான் இப்படி ஆகிறது, டெலோமியர் டெஸ்ட் எடுத்துவிட்டு, முதிர்ந்த செல்களை நீக்கும் என்று சொல்லப்படும் குவெர்செட்டின், ஃபிசெட்டின் கேப்ஸ்யூல் சாப்பிட்டால் சரியாகும் என்கிறான் என் மகன். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். டெஸ்ட்டும் தேவையில்லை. ஆனால் உங்கள் மகன் படித்ததில் நிஜமான அறிவியல் இருக்கிறது, அதனால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ரிப்போர்ட். இதயம் சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளும் வேலை உங்களுக்கு நன்றாகவே நடக்கிறது. தளர்ந்து விரிந்து ரத்தத்தை உள்ளே வாங்கும் வேலைதான் கொஞ்சம் மெதுவாகியிருக்கிறது. அறுபதை நெருங்கும் வயதில், அதுவும் பிரஷர் உள்ளவர்களிடம், இது மிகச் சாதாரணமாகப் பார்ப்பது. இதை வைத்து மட்டும் இதயச் செயலிழப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி செல் முதுமை. மனிதச் செல்களைச் சோதனைச்சாலையில் வளர்த்தால் ஏறத்தாழ 40 முதல் 60 தடவை பிரிந்தபின் பிரிவது நின்று முதுமையடைந்துவிடுகின்றன என்று 1961இல் லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் காட்டினார்கள். ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோம் நுனியில் இருக்கும் டெலோமியர் தேய்வதுதான் இதற்குக் காரணம் என்பது பிறகு தெரிந்தது. டெலோமியர் டெஸ்ட் விற்பவர்கள் இந்தக் கதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதயத்தில் கதை வேறு.

இதயத் தசைச் செல்கள் பிரிவதே அபூர்வம். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃபிரிசென் குழு 2009இல் இதை அளந்த விதம் எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. பனிப்போர் கால அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏகமாகக் கூடி, பின்னர் படிப்படியாகக் குறைந்தது. ஒரு செல் உருவாகும்போது அந்த வருடத்துக் காற்றின் அளவு அதன் டிஎன்ஏவில் பதிந்துவிடும். அதைக் கொண்டு கணக்கிட்டபோது, 25 வயதில் வருடத்துக்கு சுமார் 1 சதவீதத் தசைச் செல்களும், 75 வயதில் 0.45 சதவீதமும்தான் புதிதாகின்றன என்று தெரிந்தது. முழு ஆயுளிலும் பாதிக்குக் குறைவாகவே மாறுகின்றன.

பிரியாத செல்லுக்கு எப்படி முதுமை வரும்? ஜோவாவ் பாசோஸ் குழு 2019இல் இதற்கு ஒரு விடை தந்தது. ஓயாமல் துடிக்க சக்தி வேண்டும், அதனால் இதயச் செல்களில் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா நிரம்பிக் கிடக்கிறது. அங்கிருந்து கசியும் ஆக்ஸிஜன் கழிவுகள் டெலோமியரைக் காயப்படுத்துகின்றன. டெலோமியர் நீளமாக இருந்தாலும் காயம் படுகிறது, அந்தக் காயம் எளிதில் ஆறுவதும் இல்லை. அப்படிப்பட்ட செல் சாகாமல் பெரிதாகி, பக்கத்துச் செல்களைத் தூண்டும் ரசாயனங்களைச் சுரக்கிறது. தழும்புத் திசுவை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை அதிகமாக உண்டாக்க, இதயச் சுவர் விறைக்கிறது. உங்கள் எக்கோவில் தெரியும் மாற்றத்துக்கு வயதும் பிரஷரும் சேர்ந்தே காரணம், செல் முதுமைக்கும் அதில் பங்கு இருக்கலாம்.

இப்போது டெஸ்ட்டுக்கு வருவோம். அது பார்ப்பது பெரும்பாலும் ரத்த வெள்ளையணுக்களின் டெலோமியர் நீளத்தை. இதயச் செல்லில் நீளத்தைவிடக் காயம்தான் பிரச்சினை என்றால், அந்த ரிப்போர்ட் உங்கள் இதயத்தைப் பற்றி என்ன சொல்லிவிடப்போகிறது?

மருந்து விஷயம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. பாசோஸ் குழு வயதான எலிகளுக்கு நேவிட்டோகிளாக்ஸ் என்ற மருந்து கொடுத்து முதிர்ந்த செல்களை நீக்கியபோது இதயத் தடிப்பும் கொலாஜன் படிவும் குறைந்தன. அந்த மருந்து மனிதர்களுக்கு, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டைக் குறைக்கிறது. குவெர்செட்டினைப் பற்றிய முக்கியமான ஆய்வுகள் பலவற்றில் அது தனியாகக் கொடுக்கப்படவில்லை, ரத்தப் புற்றுநோய் மருந்தான டசாட்டினிபோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. டசாட்டினிப் நுரையீரலைச் சுற்றி நீர் கோர்க்க வைக்கலாம், நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்தையும் ஏற்றலாம். அப்புறம், முதிர்ந்த செல் எல்லாமே எதிரி இல்லை. மாரடைப்புக்குப் பின் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் முதுமையடைவது தழும்பு அளவுமீறிப் பரவாமல் தடுக்கிறது என்பதும் எலிகளில் கண்டதுதான்.

இந்தத் துறையில் அவசரப்பட்ட வரலாறு வேறு இருக்கிறது. இதய ஸ்டெம் செல்கள் தசையைப் புதுப்பிக்கும் என்று பியரோ அன்வெர்சா என்ற இதய ஆய்வாளரின் ஆய்வகம் பல வருடங்கள் எழுதியது. அதை நம்பி நோயாளிகளிடம்கூடச் சோதனை நடந்தது. 2018இல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியும் பிரிகாம் மருத்துவமனையும் அவருடைய 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொன்னபோது எத்தனை குடும்பங்களின் நம்பிக்கை வீணாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மேல்கையில் கட்டிப் பார்க்கும் பிரஷர் மிஷின் ஒன்று வாங்கி, காலையும் மாலையும் ஒரு வாரம் எழுதிவைத்து உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். பிரஷர் கட்டுக்குள் வந்தால் தடித்த சுவர்கூட ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பும். உடற்பயிற்சிக்கு மனிதர்களிடமே சான்று உண்டு. 2018இல் அமெரிக்காவின் டல்லாஸில் பெஞ்சமின் லெவின் குழு, உட்கார்ந்தே பழகிய நடுவயதுக்காரர்களை இரண்டு வருடம், வாரத்தில் 4, 5 நாள் பயிற்சி செய்ய வைத்தது. உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் 18 சதவீதம் கூடியது, இதயத்தின் விறைப்பும் குறைந்தது. அவர்கள் வேறு நோயில்லாதவர்கள், நீங்கள் பிரஷர் உள்ளவர். அதனால் தினசரி வேக நடையில் ஆரம்பியுங்கள். மூச்சிரைக்கும் அளவுக்குக் கடுமையான பயிற்சி என்றால் டாக்டரைக் கேட்டு, தேவைப்பட்டால் டிஎம்டி (டிரெட்மில் டெஸ்ட்) எடுத்த பிறகு செய்யுங்கள். சுகர், எடை, ஊறுகாய் அப்பளத்தில் சேரும் உப்பு, பலமான குறட்டை ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வழக்கமாக ஏறும் மாடிப்படியில் புதிதாக மூச்சு வாங்கினாலோ, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டினாலோ, கணுக்கால் வீங்கினாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். கேப்ஸ்யூலை ஏற்கெனவே வாங்கியிருந்தால், டப்பாவை அப்படியே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.